சிவப்பு நூல், கறுப்பு நூல்

"கையை வேகமாப் போடுடி அவினோ! வானம் இறங்கிட்டே இருக்கு!"

சிப்ரோசா கத்திக்கொண்டே என் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் அதற்குள் பாதி வரிசையைத் துழாவி முடித்திருந்தேன். முழங்கால் உயர மக்காச்சோளம். ஒவ்வொரு தூரிலும் வெள்ளை வெள்ளையாகக் குருணை. பொறுக்கிப் பொறுக்கி, இடுப்பில் கட்டியிருந்த லேசோ துணியின் முனையில் போட்டுக்கொண்டிருந்தோம். ஏரிப்பக்கமிருந்து வந்த காற்றில் ஈரம். முதல் சொட்டு என் பிடரியில் விழுந்தது.

ஒரு தூறல் போதும், குருணை கரைந்துவிடும். கரைந்தால் சாட்சி போச்சு.

"யூரியாதானே இது?" என்றாள்.

"பின்னே, கல்கண்டா?"

"ஏரி மேல சத்தியமா நான் போடலைடி!"

"நீ போட்டிருந்தா என்னைக் கூப்பிட இந்த ஓட்டம் ஓடி வந்திருப்பியாக்கா? எழுந்திரு. கயித்துக்கு அந்தப் பக்கம் பாரு. அங்கே இருக்கா?"

வயலை நடுவே இரண்டாகப் பிரித்து ஒரு சணல் கயிறு ஓடியது. நாங்கள் இருந்த பக்கத்து முளைக்குச்சியில் சிவப்பு நூல். அந்தப் பக்கத்துக் குச்சியில் கறுப்பு நூல். சிப்ரோசா கயிற்றைத் தாண்டிப் போய், இலைகளை விலக்கி, தவழ்ந்து, மண்ணை முகர்ந்தே பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுகூட இல்லை. எவனோ சிவப்புக்கு மட்டும் சோறு போட்டிருக்கான். கறுப்பு பட்டினி!"

மழை கொட்டத் தொடங்கியது. துணி முனையை இறுக்கி முடிந்து சட்டைக்குள் செருகிக்கொண்டேன். என் பல் கிடுகிடுத்தது. குளிரால் என்று சிப்ரோசா நினைத்திருப்பாள். குளிராவது மண்ணாவது!

நான் இந்தப் பகுதியின் வேளாண் அலுவலர். அந்த வயலில் நடந்துகொண்டிருந்தது நான் வடிவமைத்த சோதனை. அது ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்த வயல் இனி சிப்ரோசாவுடையது இல்லை.

*

எங்கள் லுவோ மக்களின் நாட்டில் மக்காச்சோளத்துக்கு எமன் சுடுமல்லி என்ற களை. நாங்கள் கயோங்கோ என்போம். மேலே ஊதாப்பூ சிரித்துக்கொண்டு நிற்கும். கீழே சோளத்தின் வேரில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் அதற்கு மருந்து என்று ஒரு கம்பெனி வந்தது. செங்கல் நிறத்தில் ஒரு தூள். பெயர் நியாட்டி. பையின் மேல் காட்டெருமைப் படம். விதையோடு பிசறி விதைத்தால் சுடுமல்லி அண்டாதாம். சோதனை என்று சொல்லி வீட்டுக்கு ஒரு பை சும்மா கொடுத்தார்கள். அறுவடையில் பார்த்தால், தூள் போட்ட வயலெல்லாம் கதிர் முற்றிக் கனத்தது. போடாத வயலெல்லாம் ஊதாப்பூ. ஊரே வாயைப் பிளந்தது.

அந்தச் சூட்டோடு கம்பெனி மேலாளர் எலியுட் ரபுர், ஓஜ்வாங் பெரியவர் வீட்டு நிழலில் வந்து உட்கார்ந்தார். பெரியவருக்கு இரண்டு மனைவிகள். மூத்தாள் ரோசலிடாவின் வயல் தூள் போட்டது. இளையாள் சிப்ரோசாவின் வயல் போடாதது. ஆனால் ரோட்டோரம் இருப்பது சிப்ரோசாவின் வயல்.

"பெரியவரே, இளையம்மா நிலம் சும்மாதானே கெடக்குது? எங்ககிட்ட விடுங்க. காட்சித் தோட்டம் போடுறோம். பஸ்ல போறவன் எல்லாம் பார்ப்பான். போர்டுல உங்க பேரு பெருசா இருக்கும்."

போர்டில் பெயர் என்றதும் பெரியவர் வெயிலில் வைத்த வெண்ணெய் ஆகிவிட்டார்.

"எடுத்துக்கப்பா. விளைய வைக்கத் தெரியாதவளுக்கு நிலம் எதுக்கு?" என்றார், சிப்ரோசாவின் காதுபடவே.

குவோன் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே பானையில் விட்டுவிட்டு என் அலுவலகத்துக்கு நடந்தே வந்தாள். கையில் இன்னும் மாவு.

"நான் விளைய வைக்கத் தெரியாதவளா? இந்த ஊர்ல எவளாவது எனக்கு முன்னாடி களைக்கொத்து தூக்குறாளா, சொல்லு! வயலை எடுத்துட்டா எனக்கு என்ன இருக்கு? அடுப்பும் நானும்தானே?"

நான் போன வருஷத்து சோதனையைக் கிளறினேன். கிளறக் கிளறத் தலைக்குச் சூடு ஏறியது.

தூள் பை ஒவ்வொரு வீட்டிலும் யார் கைக்குப் போயிற்று? மூத்தாள் கைக்கு. வாசலுக்குள் வரும் எந்தப் பொருளும் முதலில் அவள் கைக்குத்தானே போகும்! மாட்டுப்பட்டி எங்கே இருக்கிறது? மூத்தாள் வீட்டுக்கு முன்னால். மழையில் சாணி கரைந்து எந்த வயலுக்குப் போகிறது? மூத்தாள் வயலுக்கு. சாணி விழுந்த மண்ணில் சுடுமல்லி தானாகவே குறையும், அது எனக்கு மட்டுமல்ல, ரபுருக்கும் தெரியும். முதல் மழையில் யார் விதைப்பது? மூத்தாள். அவள் முடிக்காமல் இளையாள் மண்ணைக் கீறினால் வீட்டுக்கே தீட்டு. போன வருஷம் ரோசலிடாவுக்கு முழங்கால் வீக்கம். அவள் வயலில் பாதியை விதைத்துக் கொடுத்ததே சிப்ரோசாதான். அதை முடித்துவிட்டுத் தன் வயலுக்கு வந்தபோது நல்ல மழை போய்விட்டிருந்தது.

உழைத்தவளுக்குப் பட்டம் சோம்பேறி. எருமைப் படம் போட்ட தூளுக்குப் பட்டம் சஞ்சீவி!

சீஃப் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"போன வருஷம் ஜெயிச்சது தூள் இல்லை. மூத்தாள்! சாணி, முதல் மழை, நல்ல மண், எல்லாத்தையும் ஒரு பக்கம் குவிச்சு வெச்சுட்டு, அதுமேல ஒரு பிடி தூளைத் தூவிட்டு, தூளாலதான் விளைஞ்சுதுன்னு சொன்னா அது சோதனையா?"

ரபுர் புன்னகை மாறாமல் சொன்னார்: "மேடம், மூத்தவங்களுக்கு முதல்ல கொடுக்கிறது நம்ம மரியாதை. நீங்க நம்ம ஊருப் பொண்ணுதானே? இல்லை நைரோபியில படிச்சதுல மறந்துடுச்சா?"

கூட்டம் சிரித்தது.

"மரியாதை வாசல்ல இருக்கட்டும் சார். வயல்ல கணக்கு வேற. பை மூத்தாள் கைக்குத்தான் போகும்னு தெரியாம பண்ணீங்களா, தெரிஞ்சதாலேயே பண்ணீங்களா?"

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. சீஃப் கையை உயர்த்தினார். இன்னொரு பருவம். இந்த முறை என் வழியில்.

ஓஜ்வாங் பெரியவர் ஊரறியச் சொன்னார்: "தூள் ஜெயிச்சா நிலம் கம்பெனிக்கு. ஜெயிக்கலைன்னா, நான் மண்ணுக்குள்ள போற வரைக்கும் அவ நிலத்தைப் பத்தி வாயைத் தெறக்க மாட்டேன். தெறந்தா என் செருப்பாலேயே என்னை அடிங்க."

"செருப்பை இப்பவே கழட்டி வெச்சிடுங்க. தேடுற வேலை மிச்சம்" என்றாள் ரோசலிடா. மூத்தாள் மட்டுமே பேசக்கூடிய பேச்சு அது.

*

என் வழி எளிமையானது. ஒவ்வொருத்தி வயலையும் கயிறு கட்டி இரண்டாக்கு. இரண்டு பாதிக்கும் அதே மண், அதே விதை, அதே நாள், அதே கை. மாறுவது தூள் மட்டும். ஒரு பாதிக்குக் கம்பெனித் தூள். மறுபாதிக்கு உடைந்த பானையை இடித்துச் சலித்த தூள். இரண்டும் ஒரே செங்கல் நிறம், கண்ணுக்கும் விரலுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வகைப் பைக்குச் சிவப்பு நூல், மறுவகைக்குக் கறுப்பு நூல். எது எது என்று யாருக்கும் தெரியக்கூடாது, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் பெரெஸ் டீச்சர், பள்ளித் தலைமை ஆசிரியை. பாதி ஊரின் காதைத் திருகியவர். பையைக் கட்டுவதும் அவரே, ரகசியத்தைக் காப்பதும் அவரே.

"எங்கேயும் எழுதி வைக்காதீங்க டீச்சர். மனசுல மட்டும் இருக்கட்டும். எனக்கும் சொல்லக்கூடாது."

"உனக்குமா? சோதனையே உன்னுதுதானே?"

"அதனாலதான். தூள் தோக்கணும்னு எனக்கு ஆசை இருக்கு. ஆசை இருக்கிறவ கண்ணு, நோஞ்சான் பயிரைக்கூடப் பச்சைன்னு சொல்லும்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரீட்சையில் எதிர்பாராமல் பாஸானவளைப் பார்ப்பதுபோல. "சரி. எந்தத் தூளுக்கு எந்த நூலுன்னு நான் முடிவு பண்ண மாட்டேன். ஒரு ஷில்லிங்கைச் சுண்டி விடுறேன். அது சொல்றதுதான்."

உடைந்த பானை கேட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆளுக்கொன்று கொண்டுவந்து போட்டார்கள். ரோசலிடா, மாமியார் காலத்துப் பீர்ப்பானை ஒன்றைத் தலையில் சுமந்து வந்து பள்ளி வாசலில் இறக்கினாள். அடியில் ஓட்டை.

"எங்க வீட்டுக் கிழவரு மாதிரிதான். ஊத்தினா நிக்காது. இடிச்சு எடுத்துக்குங்க."

விதைப்பு நாளில் ஊர் முழுக்க ஓஜ்வாங் வீட்டு வாசலில் கூடியது. ரபுரும் வந்திருந்தார், கரும்பைக் கடித்துக்கொண்டு. டீச்சர் கூடையில் கைவிட்டு ஒரு பையை எடுத்தார். சிவப்பு நூல். அதை ரோசலிடாவிடம் நீட்டினார். மூத்தாள் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். அப்புறம் கறுப்பு நூல். அப்புறம் சிப்ரோசாவுக்கு இரண்டு. அப்புறம் மற்ற வீடுகள்.

ரபுர் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு லேசாகத் தலையாட்டிக்கொண்டார். கரும்பு ருசிக்கு என்று நினைத்தேன்.

*

குருணையைப் பொறுக்கிய அன்று, மழை விட்டதும் விடாததுமாக மற்ற வயல்களுக்கு ஓடினேன். பாதி கரைந்திருந்தது. ஆனால் இலை சொல்லிற்று, இது முதல் தடவை இல்லை என்று. கயிற்றுக்கு ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் வெளிறல். எல்லா வீட்டிலும் சிவப்பு நூல் பக்கம்தான் கரும்பச்சை. வரப்பு ஓரங்களில் மோட்டார் பைக் டயர் தடம்.

ஆற்றுக்கு அப்பால் மூன்று வீடுகள். பாலம் வெள்ளத்தில் போயிருந்தது, பைக் போக வழியில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனேன். அங்கே குருணையும் இல்லை, வித்தியாசமும் இல்லை. சிவப்பும் கறுப்பும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

ஈரத்துணியோடு பள்ளிக்குப் போனேன். முடிச்சை அவிழ்த்து டீச்சர் மேசைமேல் கொட்டினேன்.

"சோதனையை நிறுத்தணும் டீச்சர். திருட்டுத்தனமா உரம் போட்டிருக்கானுங்க."

அவர் ஒரு குருணையை எடுத்து விரலில் உருட்டினார். "எந்த நூலுக்கு?"

"சிவப்புக்கு."

"எல்லா வீட்டுலயுமா?"

"ஆத்துக்கு இந்தப் பக்கம் எல்லாத்துலயும்."

டீச்சர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். முகம் எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

"நிறுத்தாதே."

"என்ன சொன்னீங்க?"

"நிறுத்தாதேன்னேன். அறுவடை நடக்கட்டும். அதுவரைக்கும் இந்தக் குருணையைப் பத்தி நீ மூச்சு விடக்கூடாது."

நான் அவர் அருகே போனேன். "சிவப்பு கம்பெனித் தூளா இருந்தா, இது அப்பட்டமான மோசடி டீச்சர்! சிப்ரோசா நிலம் போகுது! சிவப்பு எதுன்னு சொல்லுங்க!"

"சொல்ல முடியாது."

"ரபுர் எவ்வளவு கொடுத்தான்? இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தரேன்னானா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டீச்சர் திரும்பினார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"...நான்தான்."

"உனக்கும் சேர்த்துப் போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"அப்போ உன் சட்டத்துக்கு நீயே அடங்கு. கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்தவில்லை. படாரென்று அறைந்துவிட்டுத்தான் வந்தேன். இருபது வருஷமாகக் கள்ளம் கபடம் இல்லாதவர் என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்ட மனுஷி! விலைபோய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். குருணையை மட்டும் காயவைத்துப் பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன்.

கறுப்பு நூல் பக்கம் ஊதாப்பூ தலைநீட்டியபோது சிப்ரோசாவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் நான் போகும்போது தலையில் சாணிக் கூடையோடு கறுப்புப் பாதியில் நின்றிருந்தாள். பாய்ந்து கூடையைப் பிடித்தேன்.

"விடுடி! அவன் ஒரு பக்கம் போட்டான், நான் இன்னொரு பக்கம் போடுறேன். சமமாப் போச்சு!"

"சேத்தைச் சேத்தால கழுவ முடியுமாக்கா? நாளைக்கு அவனும் திருடன், நீயும் திருடின்னு ஆயிடும். பேச நமக்கு வாய் இருக்காது."

"வாய் இருந்து என்ன பண்ண? நிலம் இருக்காதே!" கூடையைப் பிடித்தபடியே அழுதாள். "நான் கல்யாணமாகி வந்தன்னைக்கு எனக்குன்னு காட்டினது இது ஒண்ணுதான். இதைத் தவிர இந்த வீட்டுல எதுவுமே எனக்கு முதல்ல வந்ததில்லை."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரோசலிடாவின் குரல் வந்தது. "கூடையைக் கீழ வைடி. அது என் பட்டிச் சாணி. திருடிட்டு வந்தது போதாதுன்னு ஒப்பாரி வேறயா?"

"உங்களுக்கென்ன மூத்தவங்களே, உங்க நிலமா போகுது?"

ரோசலிடா நொண்டிக்கொண்டே வேலியருகே வந்தாள். "அந்த இடத்துல எருமைப் போர்டு நட்டா, நான் தினம் யாரோட சண்டை போடுறது? எருமையோடவா?" கூடையை அவளே பிடுங்கிக்கொண்டு போனாள். போகும்போது முணுமுணுத்தாள்: "என் விதையைப் போட்டது இவ கைதான்னு அந்தக் கிழவருக்கு நூறு தடவை சொல்லிட்டேன். காதுல விழுந்தாத்தானே."

*

அறுவடை முடிந்து சீஃப் அலுவலக அத்திமரத்தடியில் தராசு தொங்கியது. வீடு வீடாகச் சிவப்பு மூட்டை ஒருபுறம், கறுப்பு மூட்டை மறுபுறம். ஆற்றுக்கு அப்பால் மூன்று வீடுகளில் இரண்டும் ஒரே எடை. மற்ற எல்லா வீட்டிலும் சிவப்பு ஏறக்குறைய இரண்டு பங்கு. ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் சிப்ரோசா கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிப்போனாள்.

ரபுர் மைக்கைப் பிடித்தார். புதுக் கோட்டு.

"பெரியவங்களே, தாய்மாரே! இதைவிட என்ன சாட்சி வேணும்? சிவப்பு நூல் எங்க நியாட்டி! கறுப்பு நூல் வெறும் பானை மண்! இளையம்மா வயல்லகூட, ஆமாம், விளையாத அந்த வயல்லகூட, எங்க தூள் விளைய வெச்சிருக்கு!"

நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம். டீச்சர் இன்னும் வாயே தெறக்கலை. சிவப்பு உங்க தூளுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம் மேடம். கண்ணு இருக்கிறவன் எல்லாம் விதைப்பு அன்னைக்கே பார்த்தான். டீச்சர் முதல்ல எடுத்து, மூத்தம்மா கையில கொடுத்தது எந்தப் பை? சிவப்பு! எந்த லுவோ வீட்டுல மூத்தவ கையில முதல்ல வெறும் மண்ணை வைப்பாங்க? வெச்சா அந்த வீடு விளங்குமா? டீச்சர் நம்ம மரியாதை தெரிஞ்சவங்க. உங்களை மாதிரி இல்லை."

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஆமாம், ஆமாம். அது நியாயம்தானே.

அப்படியென்றால் அன்று வாசலில் தலையாட்டியது கரும்பு ருசிக்கு இல்லை! பாட்டிலைத் திறந்து மேசைமேல் கொட்டினேன்.

"அப்போ இதுவும் மரியாதையா? யூரியா! ஒவ்வொரு வயல்லயும் சிவப்பு நூலுக்கு மட்டும் தூவியிருந்தது! பைக் போக முடியாத மூணு வீட்டுல மட்டும் ரெண்டும் ஒரே எடை. அது எப்படி சார்?"

ஒரு கணம், ஒரே கணம், அவர் புன்னகை தடுமாறியது. "ஆத்துக்கு அப்பால மண்ணு மட்டம். குருணையா? அதை இளையம்மாவே போட்டிருக்கலாம்."

சிப்ரோசா எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. "நானா? என் நிலத்தை உனக்குத் தாரை வார்க்க நானே உரம் போடுவேனா? ஊரு பூரா பைக்குல சுத்த எனக்கு பைக் இருக்கா? எருமை விக்கிறவனே, புத்தியையும் எருமைகிட்டதான் வாங்கினியா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சீஃப் மேசையைத் தட்டினார். ஓஜ்வாங் பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். முகத்தில் வெற்றிக்களை ஒன்றும் இல்லை.

"யாரு என்ன போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. தராசு சொன்னதைக் கேட்டாச்சு. நான் ஊர் முன்னால சொன்ன சொல்லு இருக்கு. டீச்சர் தன் வாயால எந்த நூல் எதுன்னு சொல்லட்டும். சொன்னதும் நான் என் சொல்லை முடிச்சிடுறேன்."

சிப்ரோசா என் கையைப் பிடித்தாள். அவளுடைய மறுகையை ரோசலிடா பிடித்திருந்தாள்.

பெரெஸ் டீச்சர் மெல்ல எழுந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. அந்த ஜன்னலும் அந்தக் குலுங்கிய தோளும் எனக்கு நெருப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"சொல்றதுக்கு முன்னாடி ரபுர் தம்பிகிட்ட ஒரு கேள்வி" என்றார், வகுப்பறைக் குரலில். "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. சிவப்பு உன் தூள். அதுல சந்தேகம் இல்லையே?"

"சந்தேகமே இல்லை டீச்சர். மருந்து கண்ணு முன்னால பேசுது."

"கறுப்பு?"

ரபுர் கறுப்பு மூட்டையிலிருந்து ஒரு கதிரை உருவி எடுத்தார். பாதி பொக்கு. இரண்டாக ஒடித்து உயர்த்திக் காட்டினார். "இது பானை மண்ணு விளைச்சல். கோழிகூடக் கொத்தாது. இதை நம்பினா குடும்பம் பட்டினிதான்!"

"எல்லாரும் கேட்டீங்களா? சீஃப், நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டோம்" என்றார் சீஃப்.

டீச்சர் ரபுருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவர் பார்த்தது ஓஜ்வாங்கை அல்ல, சிப்ரோசாவை அல்ல, என்னையும் அல்ல. ரோசலிடாவை.

"ரோசலிடா, உங்ககிட்ட ஊர் முன்னால மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நான் சுண்டின ஷில்லிங்குக்கு மூத்தாள் இளையாள் தெரியலை. அன்னைக்கு வாசல்ல முதல் பையா, சிவப்பு நூல் கட்டி உங்க கையில நான் கொடுத்தது, நீங்களே தலையில தூக்கிட்டு வந்து என் வாசல்ல இறக்கின அந்த ஓட்டைப் பானையோட தூள்."